சொல்லுக்குக் குசும்புப் பொருள் எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கம்பெனியில் பொங்கல் விழாவுக்குக் 'குறும்பகராதி' என்று ஒரு போட்டி வைப்பார்களாம். தினமும் புழங்குகிற சொல்லைக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு வேடிக்கையாகப் பொருள் எழுத வேண்டும். போன வருஷம் இவர் "மேனேஜர்: வேலை செய்யாமல் சம்பளம் வாங்குபவர்" என்று எழுதினாராம். ஒருத்தரும் சிரிக்கவில்லை, மேனேஜர் மட்டும் முறைத்தாராம். இந்த வருஷத்துச் சொற்கள் அர்ஜென்ட், டீ, ஞாயிறு. "இது சிலருக்குத்தான் வருமா, இல்லை கற்றுக்கொள்ளலாமா?" என்கிறார்.

கற்றுக்கொள்ளலாம் தம்பி. நான் கோபிசெட்டிபாளையத்தில் முப்பது வருஷம் அச்சகம் நடத்தியவன். கல்யாணப் பத்திரிகை, நோம்பி நோட்டீஸ், கும்பாபிஷேக மலர் எல்லாம் அடித்திருக்கிறேன். மலர் அடிக்கும்போது விளம்பரம் குறைந்து பக்கத்தில் அரை சாண் இடம் மிஞ்சும். அதை வெறுமனே விட்டால் மலர் கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்று நாலைந்து குசும்புப் பொருள் எழுதி அடைப்பேன். அப்படி அடைத்தே பழகியதைத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மேனேஜர். அதில் இருப்பது புகார். அகராதி புகார் சொல்லாது. அது எதையும் நல்லது கெட்டது என்று பார்க்காமல், பூனை என்றால் நாலு கால் பிராணி என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். நாமும் அதே முகத்தோடு நிற்க வேண்டும். 'வேலை செய்யாதவர்' என்றால் உங்கள் வயிற்றெரிச்சல் தெரிகிறதே தவிர மேனேஜர் தெரியவில்லை. இப்படி வைத்துப் பாருங்கள் (அகராதிச் சுருக்கத்தில் 'பெ.' என்றால் பெயர்ச்சொல், 'வி.' என்றால் வினைச்சொல்): "மேனேஜர்: பெ. நாம் கண்ணயர்ந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் அந்தப் பக்கம் வருபவர்." இதில் அவரைத் திட்டவே இல்லை, கண்ணயர்ந்தது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவரவர் மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வருவது தெரியும்.

இந்த முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளும் வித்தைக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர்க் குசும்பு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன் சூட்சுமமே 'ங்க'வில் இருக்கிறது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காலையில் ஆறு மணிக்குக் கடலைக்காய் பிடுங்க ஆள் சொல்லியிருந்தார். ஒருத்தர் பதினோரு மணிக்கு வெயில் ஏறினபிறகு வந்தார். அப்பாரு திண்ணையில் இருந்தபடியே, "வாங்க, வாங்க. நாளைக்கு வேலைக்கு இன்னைக்கே வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். வந்தவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, நேரே காட்டுக்கு (எங்கள் பக்கம் விவசாய நிலத்துக்கு அதுதான் பெயர்) போய்விட்டார். மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை, நாலு 'ங்க' இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? அகராதி நடையும் இப்படித்தான். அது எழுத்தில் இருக்கிற 'ங்க'.

அடுத்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. இதற்கு ஒரு சொல்லை எடுத்து நான் பட்ட பாட்டையே காட்டுகிறேன். சொல், வரப்பு. முதலில் எழுதியது: "பக்கத்துக் காட்டுக்காரனோடு சண்டை வரவழைக்கும் மண்மேடு." உண்மைதான், சிரிப்பு வரவில்லை. சண்டை என்ற சொல்லை நானே போட்டுவிட்டதால் படிக்கிறவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டாவது: "வருஷா வருஷம் பக்கத்துக் காட்டுக்காரன் நகர்த்தி வைக்கும் மேடு." கொஞ்சம் தேவலை, ஆனால் இன்னும் ஆள் மேல் குற்றம் சாட்டுகிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது ஆளையே தூக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநாள் அச்சில் போனது இது: "வரப்பு: பெ. இரண்டு காடுகளுக்கு நடுவே உள்ள, உயிரற்ற, ஆண்டுக்கு ஒரு சாண் மட்டும் நகரக்கூடிய மண்மேடு."

சண்டையும் இல்லை, சண்டைக்காரனும் இல்லை. 'உயிரற்ற' என்று பாடப்புத்தகம் போலப் போட்டதும், 'மட்டும்' என்று நியாயஸ்தன் போலப் போட்டதும்தான் வேலையைச் செய்தன. தோட்டம் காடு வைத்திருக்கிறவர்கள் யாரிடம் இதைப் படித்தாலும் 'நகரக்கூடிய' என்ற இடத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதே மலரில் இன்னொன்றும் போட்டேன். "பங்காளி: பெ. குலதெய்வம் ஒன்றாகவும் வக்கீல் வேறாகவும் உள்ளவர்." மலர் வந்த நாலாம் நாள் ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு பங்காளிகள், காலையில் ஒருத்தர், பொழுதோடு இன்னொருத்தர், தனித்தனியே அச்சகத்துக்கு வந்து பத்துப் பத்துப் பிரதி வாங்கிப் போனார்கள். எதிராளியைத்தான் எழுதியிருக்கிறேன் என்று இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் இருவரையுமே நினைத்து எழுதவில்லை, என் சித்தப்பாவை நினைத்து எழுதினேன்.

சரி, பொருளை எங்கே போய்த் தேடுவது என்றால், சொல் யார் வாயில் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். அகராதியில் இருக்கும் பொருளுக்கும் வாயில் வரும்போது இருக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அதுதான் நம் இடம். 'வந்துட்டேனுங்க' என்று போனில் சொல்கிறோம். இறந்தகாலம், தன்மை ஒருமை, இலக்கணம் சுத்தம். ஆள் எங்கே இருக்கிறார்? "வந்துட்டேனுங்க: வி. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்." 'சித்தெ இருங்க' என்கிறோம். "சித்தெ: காலத்தின் ஓர் அளவு. சொல்பவருக்கு ஐந்து நிமிடம், காத்திருப்பவருக்கு ஒரு பஸ்." கோயம்புத்தூர்க்காரர் வெளியூரில் தண்ணீர் குடிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? "சிறுவாணி: வேறு ஊர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் சொல்லும் சொல்."

இந்தச் சந்து இருப்பதை நம் ஊர்ச் சனம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 'நியாயம்' என்ற பெரிய சொல் கொங்கில் 'நாயம்' ஆனது. அதற்கு இங்கே என்ன பொருள்? 'டீக்கடையில உக்காந்து நாயம் பேசீட்டிருக்கறான்' என்றால் நீதி வழங்குகிறான் என்றா அர்த்தம்? வெட்டிப்பேச்சு பேசுகிறான் என்று அர்த்தம். 'பழமை' என்றால் மற்றவர்களுக்குத் தொன்மை, நமக்கு அரட்டை. 'சித்தெ பழமை பேசீட்டுப் போலாம் வாங்க' என்று கூப்பிட்டால் கல்வெட்டு பார்க்க இல்லை. நாலு பேர் கூடி நியாயம் பேசினால் அது எதில் போய் முடியும் என்று பார்த்து ஒரு ஊரே சேர்ந்து எழுதிய குறும்பகராதி மாதிரித்தான் எனக்கு இது படுகிறது. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். வேடிக்கைக்காகத் தொகுத்ததல்ல, ஆனால் நம் சொற்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் எது எதில் சந்து இருக்கிறது என்று கண்ணில் படும்.

சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வது இன்னொரு வழி. இதற்கு இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வது வழக்கம், ஆக அவரும் நம்மவர்தான். ஒருமொழி, தொடர்மொழி என்று சொல்லிவிட்டு மூன்றாவதாகப் பொதுமொழி என்று ஒன்றை வைத்தார். சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரிந்தால் வேறு பொருள். தாமரை என்றால் பூ, தா மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை என்றால் மரம் அல்லது புலி, வேம் கை என்றால் வேகிற கை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். தண்டியலங்காரம் இதையே செய்யுளில் வைத்துப் பிரிமொழிச் சிலேடை என்றது, பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை என்றது. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டியது இந்தக் கயிற்றால்தான்.

ஆனால் ஒன்று. பிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரத்தனம் தெரியுமே தவிரப் பெரும்பாலும் சிரிப்பு வராது, 'ஐயோ' என்றுதான் வரும். பிரித்ததில் ஏதாவது நிஜம் வந்து விழுந்தால் மட்டும் எழுதுங்கள். கோவையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் ஒரு நண்பர் சொன்னது நல்ல உதாரணம். விநாசம் என்றால் அழிவு, அவிநாசி என்றால் அழிவில்லாதது. "அவிநாசி ரோடு: நெரிசலுக்கு அழிவில்லாததால் வந்த காரணப்பெயர்." இதில் பிரித்த பொருளும் சரி, ரோட்டின் நிலவரமும் சரி.

பிரிக்காமலே நாலு பொருள் கொடுக்கிற சொல் கிடைத்தால் விடாதீர்கள். என் கணக்கில் அப்படிப்பட்ட சொற்களுக்கு ராஜா 'போர்'. சண்டையும் போர், வைக்கோலை அடுக்கினாலும் போர், சலிப்புத் தட்டினாலும் போர், காட்டில் குழாய் இறக்கித் துளை போட்டாலும் போர். கொங்கில் இந்த நாலாவது பொருள் மற்ற மூன்றையும் விழுங்கிவிட்டது. துளை போடும் திருச்செங்கோட்டு வண்டி ராத்திரியில் வந்து நிற்கும், விடிய விடிய ஓட்டும். காட்டுக்காரர் கட்டில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அடிக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும். ஐந்நூறு அடியில் 'இன்னும் நூறு போட்டுப் பாத்தரலாமுங்க' என்பார் வண்டிக்காரர். அறுநூறில் மறுபடி அதையே சொல்வார். ஆயிரம் அடியிலும் வெள்ளைப் புகையாகத் தூசிதான் வரும். இதை நான் எங்கள் காட்டிலேயே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிவிட்டேன். அகராதியில் இப்படி வந்தது:

"போர்: பெ. 1. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடப்பது. 2. மாட்டுக்காக அடுக்கி வைப்பது. 3. ஆயிரம் அடிக்குக் கீழேயும் தூசிதான் இருக்கிறது என்பதை நகையை அடகு வைத்து உறுதி செய்துகொள்ளும் ஆராய்ச்சி. 4. மேற்படி ஆராய்ச்சி பற்றி வீட்டில் நடப்பது, காண்க: 1."

இந்தக் 'காண்க' இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அகராதிக்கென்று சில தட்டுமுட்டுச் சாமான்கள் உண்டு. பெ., வி. என்று சுருக்கம், அடைப்புக்குறிக்குள் 'அருகிய வழக்கு', 'வட்டார வழக்கு', அப்புறம் 'காண்க', எடுத்துக்காட்டு வாக்கியம். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறந்து பத்துப் பக்கம் வாசித்தால் இந்த நடை கைக்கு வந்துவிடும். சிரிப்பைப் பொருளில் வைக்காமல் இந்தச் சாமான்களில் ஒளித்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். "சில்லறை: பெ. (அருகிய வழக்கு) கண்டக்டர் கேட்பது." இதில் பொருள் சாதாரணம், அடைப்புக்குறிதான் குசும்பு.

இதையெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் 1755-இல் பெரிய அகராதி ஒன்றை வெளியிட்டார். நிஜமான அகராதிதான், கேலிக்காக எழுதியதல்ல. ஆனால் ஓட்ஸுக்குப் பொருள் எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்திலோ அதைத் தின்றுதான் சனங்கள் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். அகராதி எழுதுகிறவனுக்கும் பொருள் சொன்னார்: யாருக்கும் கெடுதல் செய்யாத, மாடாய் உழைக்கிற ஆள் என்று. மற்றவரைக் கிண்டல் செய்தவர் தன்னையும் விடவில்லை, அதனால் அவருக்கு மன்னிப்பு உண்டு. அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஆம்புரோஸ் பியர்ஸ் பத்திரிகைகளில் துண்டு துண்டாக எழுதிய கேலிப் பொருள்கள் 1906-இல் புத்தகமாகி, 1911-இல் 'சாத்தானின் அகராதி' என்ற பெயரில் வந்தன. கெட்டிக்கார எழுத்து, ஆனால் கசப்பு அதிகம். நாலு பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை.

ஜான்சனின் ஓட்ஸைப் படித்த அன்றைக்கு எனக்கு நம் கொள்ளுதான் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர் நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து கொள்ளுப் பருப்பைப் பார்த்ததும் 'இது குதிரைக்குப் போடறதாச்சே' என்பார். அரைத்த கொள்ளு, ஒரு சொட்டு நெய், சுடுசோறு. கடைசியில் கொள்ளு ரசம். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கும்போது நாம் ஒன்றும் சொல்ல மாட்டோம், பார்த்துக்கொண்டு இருப்போம். "கொள்ளு: பெ. பிற நாடுகளில் குதிரைக்கு வைப்பது. கொங்கு நாட்டில், குதிரைக்கு வைப்பது என்று சொன்னவருக்கு இரண்டாம் தடவை வைப்பது." ஜான்சனுக்கு ஸ்காட்லாந்துக்காரர் சார்பில் இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து ஒரு பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் கூடாதது என்று பார்த்தால் அதிகம் இல்லை. மாமியார், மருமகள், பெண்டாட்டி நகை கேட்பது எல்லாம் வாட்ஸ்அப்பில் நைந்துபோன துணி. அதில் நீங்கள் பார்த்தது என்று ஒன்றுமே இருக்காது. சாதி, உடம்பில் உள்ள குறை, ஒருவரின் நிறம், இவை பக்கம் போகவே வேண்டாம். அப்புறம் நம் பேச்சையே கேலிப் பொருளாக்காதீர்கள். 'ஏனுங்' என்று சொன்னாலே சிரிப்பு வரும் என்று சினிமா நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பேச்சு அதன்பாட்டுக்கு இருக்கட்டும், நாம் சிரிக்க வேண்டியது அந்தப் பேச்சில் சொல்லிவிட்டு நாம் செய்கிற காரியத்தைப் பார்த்து.

எதுகை மோனைக்கும் மயங்காதீர்கள். 'காதல்: சாதல்' மாதிரி காதுக்கு இனிப்பாக வந்து விழும். விழுந்ததும் எழுதிவிடத் தோன்றும். மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள், ஒன்றும் இருக்காது.

எழுதியதைச் சோதிக்க நான் ஒரே ஒரு வழி வைத்திருந்தேன். அந்தச் சொல்லிலேயே பிழைக்கிறவரிடம் படித்துக் காட்டுவேன். தறி பற்றி எழுதினால் சோமனூர்க்காரரிடம், மஞ்சள் பற்றி எழுதினால் ஈரோட்டு மண்டிக்காரரிடம். அவர் சிரித்தால் அச்சுக்குப் போகும். 'அப்படி இல்லீங்க, நாங்க இப்படித்தான் சொல்லுவோம்' என்று திருத்தினால் பெரும்பாலும் அவர் திருத்தியது என்னுடையதைவிட நன்றாக இருக்கும். "கல்யாணப் பத்திரிகை: பெ. யார் பெயர் விட்டுப்போனது என்பதைத் தெரிவிக்கும் ஆவணம்" என்று நான் எழுதியதை, பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "பேர் உட்டுப்போனாக் கூடப் பரவாயில்லீங்க, கீழே போட்டாத்தான் வம்பு" என்றார். நான் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன். எனக்கு அது தோன்றவில்லை.

இனி உங்கள் மூன்று சொற்கள். நான் எழுதித் தருவது தப்பாட்டம் என்றாலும், மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அர்ஜென்ட் என்ற சொல்லை யார், எப்போது சொல்கிறார்கள்? காலையில் யாரும் சொல்வதில்லை. நாலரை மணிக்கு மேல்தான் வரும். அந்த மெயில் எப்போது வந்தது என்று தேதியைப் பாருங்கள். "அர்ஜென்ட்: ஒரு மேஜையில் மூன்று நாள் படுத்திருந்த வேலை அடுத்த மேஜைக்கு வந்து சேரும்போது அடையும் நிலை."

டீயைச் சுவையை வைத்து எழுதப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கம்பெனியில் டெய்லரும் செக்கிங் அம்மாக்களும் டீ குடிக்கும் இடம் வேறு, ஆபீஸ்காரர்கள் குடிக்கும் இடம் வேறு. அங்கே பிடியுங்கள். "டீ: பெ. நின்றுகொண்டு பத்து நிமிடத்தில் குடிப்பது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் குடித்தால், காண்க: மீட்டிங்."

ஞாயிறுக்கு நான் வேலையே செய்யவில்லை. பழைய நிகண்டுப் பொருளையும் உங்கள் ஊர்ப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். "ஞாயிறு: பெ. 1. சூரியன். 2. (ஷிப்மென்ட் இல்லாத வாரங்களில்) விடுமுறை."

மேடையில் இந்தக் கடைசியை மேனேஜரைப் பார்த்தே வாசியுங்கள். கன்டெய்னர் கிளம்புகிற வாரம் அவரும் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில்தானே கிடக்கிறார். போன வருஷத்துக்கும் சேர்த்து முதலில் சிரிக்கப்போவது அவர்தான்.